முன்வரிசையில் ஆர்மிந்தோ

இடலீனாவுக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. எங்கள் மண்டபத்தில் தினமும் மாலை ஆறரை மணிக்குப் பாடுவாள். மொத்தம் ஐம்பது நிமிடம்தான். ஃபாடோ என்கிற எங்கள் ஊர்ச் சோகப் பாட்டு நான்கு, நடுநடுவே அபீலியோ தன் பன்னிரண்டு தந்திக் கிதாரில் வாசிக்கும் தனி இசை, கடைசியில் ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் செர்ரி மது. பெரிய கப்பலில் வந்து இறங்கியவர்களும், ஊரைச் சுற்றிக் கால் ஓய்ந்துபோனவர்களும் வந்து உட்காருவார்கள். எட்டு மணிக்கு அவர்கள் எங்காவது சாப்பிட மேஜை சொல்லிவைத்திருப்பார்கள். அதனால் எவ்வளவு பெரிய சோகமாக இருந்தாலும் ஏழு இருபதுக்கு முடித்துக்கொடுத்துவிடுவோம்.

என் பெயர் நொயேமியா. டிக்கெட்டைக் கிழிப்பது, விளக்கை அணைப்பது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மேடையேறி அதன் பொருளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்வது, இதுதான் என் வேலை. வருகிறவர்கள் யாவரும் 'சவுதாத்' என்ற ஒரே சொல்லைப் பற்றித்தான் கேட்பார்கள். ஏக்கம், பிரிவு, இல்லாததை நினைத்து உருகுவது என்று பன்னிரண்டு வருடமாக நானும் சொல்லிவந்தேன்.

"அது ஒரு வகை வயித்து வலின்னு சொல்லிடேன், சீக்கிரம் முடியும்" என்பான் அபீலியோ.

மண்டபம் என்று பேர்தான். அல்ஃபாமா பேட்டையில் ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு சந்தில், முன்பு கரிக்கிடங்காக இருந்த இடம். நாற்பது நாற்காலி. மைக் கிடையாது. இடலீனாவுக்கு அது தேவையும் இல்லை.

அவள் பிறந்ததே அந்தச் சந்துகளில்தான். அவள் அம்மா கூடையைத் தலையில் வைத்து மீன் விற்றவள். இடலீனா பதினாறு வயதில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடச் சேர்ந்தாள். முப்பத்தைந்து வருடம் அந்த நீராவிக்குள்ளேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேட்டைச் சங்கத்தில் பாடுவாள். சலவை வேலையை வெளியாளுக்குக் கொடுத்து, இவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவளுக்கு ஐம்பத்தொன்று. அப்புறம்தான் எங்களிடம் வந்தாள்.

அவள் கணவர் ஆர்மிந்தோ தேஜோ நதியில் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. சங்கத்தில் அவள் பாடும்போது உள்ளே வந்து உட்காரமாட்டார். கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார். பாட்டில் ஒரு கண்ணி முடிந்து கிதார் மட்டும் ஒலிக்கிற இடைவெளி வரும். அந்த இடத்தில் "ஆ, பாட்டுக்காரி!" என்று கூவுவார். எங்கள் ஆட்கள் பாட்டை மெச்சுகிற முறை அது. பாடும்போது ஒரு மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. இடைவெளியில் கூவாமல் இருந்தாலோ, பாட்டு ஏறவில்லை என்று அர்த்தம்.

எங்கள் மண்டபத்திலிருந்து நான்கு நிமிட நடையில், மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. சமையலறை ஜன்னலில் நின்றால் ஆறு தெரியும். முப்பத்தெட்டு வருடம் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரக் கிழவர் செத்தார். அவருடைய அண்ணன் பிள்ளைகள் கட்டிடத்தை யாரோ ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக இல்லை என்று கடிதம் வந்தது. அந்த வருடம் எங்கள் சந்தில் மட்டும் அப்படிப் பதினோரு வீட்டுக்குக் கடிதம் வந்தது. இடலீனா தம்பதி அக்கரையில், பாரெய்ரோவில், ரயில் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை பிடித்துப் போனார்கள்.

போவதற்கு முன் இடலீனா என்னிடம் ஒன்று கேட்டாள். என் வீட்டில் அம்மா இறந்தபிறகு பின்னறை சும்மா கிடந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தான் நொயேமியா. வேற இடம் பாக்கறவரைக்கும்" என்றாள்.

அண்ணன் மகன் படிக்க வருகிறான், அவனுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படி யாரும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த அறையை நான் சுற்றுலாக்காரர்களுக்கு விட ஆரம்பித்தேன். கீழே கதவுக் கம்பியில் எண் போட்டுத் திறக்கிற சின்னச் சாவிப்பெட்டி ஒன்றை மாட்டினேன்.

அக்கரைக்குப் போன இரண்டாவது குளிர்காலத்தில் ஆர்மிந்தோவுக்கு மறதி தொடங்கியது. மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள் என்றார் டாக்டர். முதலில் அடுப்பை மறந்தார், பிறகு கிழமையை. ஆனால் ஆற்றை மறக்கவில்லை. இடலீனா கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் படகுத்துறைக்கு நடந்து, இக்கரைக்கு வந்து, பழைய வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். அவர் இழுவைப் படகில் இருந்தவர் என்று தெரிந்த துறை ஆட்கள் சீட்டுக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். முதலில் எல்லாம் பழைய அண்டை வீட்டார் யாராவது பார்த்து மண்டபத்துக்குப் போன் செய்வார்கள். பிறகு அந்த அண்டை வீட்டாரும் இல்லாமல் போனார்கள்.

அதற்கப்புறம் இடலீனா ஒரு காரியம் செய்தாள். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். மாலை நாலரைக்குக் கிளம்பும்போது கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வந்தாள். திரும்பிப் போக எட்டரை, ஒன்பது ஆகும்.

"டிவி போட்டுட்டு வரேன். ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் வச்சுட்டு வரேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டு எஸ்மெரால்டா சொல்றா, அவரு ஒரு மணி நேரம் கதவைத் தட்டிட்டே இருக்காராம். 'எஞ்சின் ரூம்ல ஆள் மாட்டிக்கிச்சு, திறங்க'ன்னு கத்தறாராம்" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டுச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறினாள். அன்றைக்கு நன்றாகத்தான் பாடினாள். எனக்குத்தான் விளக்கம் சொல்லும்போது வார்த்தை தடுமாறியது.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் பாரெய்ரோவில் எங்கோ ஒரு வீடு தீப்பிடித்துப் பூட்டிய அறைக்குள் ஒரு பெண் இறந்துபோனாள் என்று செய்தி வந்திருந்தது. அன்று இடலீனா கதவைப் பூட்டவில்லை. சும்மா சாத்தி மட்டும் வைத்து, எஸ்மெரால்டாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள்.

நிகழ்ச்சியின்போது எங்கள் மூவருடைய போனும் என் மேஜை இழுப்பறையில் இருக்கும். முதல் பாட்டு நடுவில் இடலீனாவின் போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எஸ்மெரால்டா அழுதுகொண்டே பேசினாள்.

"நான் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேம்மா. அஞ்சு மணி இருக்கும். அங்க பேச்சுல நின்னுட்டேன், இப்பதான் வந்து பாக்கறேன். கதவு தெறந்து கிடக்கு, மனுஷன் இல்ல. எப்ப போனாருன்னே தெரியல. இடலீனாகிட்ட சொல்லிடுங்க, நான் என்ன பண்ணுவேன்!"

உள்ளே வந்தபோது முதல் பாட்டு முடிந்து கைதட்டல். அடுத்த பாட்டுக்கு நான் மேடையேற வேண்டும். ஏறினேன். இடலீனா எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். அடுத்தது, ஆற்றுக்குப் போன கணவன் திரும்பி வராமல் ஒரு பெண் காத்திருக்கும் பாட்டு. எங்கள் பாட்டில் பாதிக்கு மேல் அதுதானே. "இவளுடைய ஆள் இன்னும் வீடு திரும்பவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிரெஞ்சிலும் சொன்னேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

இடலீனா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். உதடு அசையாமல், "என்னடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

இறங்கி வந்து மேஜைக்குப் பின்னால் நின்றேன். சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, இன்னும் முப்பது நிமிடம்தானே, முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் பட்டது. முதலாளி வால்டெமார் வேறு கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் சுவரில் சாய்ந்து நிற்காமல் நிமிர்ந்து நின்றால், யாரோ முக்கியமான பயண ஏஜென்ட் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது பாட்டு தொடங்கும்போது கதவு மெல்லத் திறந்தது. அறுபது வயதைத் தாண்டிய இரண்டு வெளிநாட்டுப் பெண்கள். நடுவில், இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, ஆர்மிந்தோ. காலில் வெள்ளைத் துணிச்செருப்பு. தங்கும் விடுதிகளில் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்களே, அது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த அக்காவும் தங்கையும் அவர்கள். மோராக், ஷோனா. நடந்ததை மோராக் என் காதில் கிசுகிசுத்தாள். அவர்கள் காய்கறிப் பையுடன் தங்கியிருக்கும் வீட்டுக்குத் திரும்பியபோது இந்தப் பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தாராம். எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாராம். பையை வாங்கி மூன்று மாடி தூக்கி வந்தாராம். வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். உள்ளே வந்தவர் காலணியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அங்கே கிடந்த வெள்ளைச் செருப்பை மாட்டிக்கொண்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மோராக் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். சூப் வைத்துக் கொடுத்தார்கள். மேஜையில் எங்கள் நிகழ்ச்சியின் துண்டறிக்கை கிடந்தது. அன்று மாலைக்கு அவர்கள் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். ஆர்மிந்தோ அதில் இருந்த இடலீனாவின் படத்தின் மேல் விரலை வைத்து, "என் பொண்டாட்டி" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைப் போனில் போட்டுப் பொருள் தெரிந்துகொண்டு, கூட்டிவந்துவிட்டார்கள்.

அவர்களுடைய இருக்கை முன்வரிசையில். ஒன்றில் ஆர்மிந்தோவை உட்கார வைத்தார்கள், மற்றதில் மோராக். தங்கை ஷோனா சுவரோரம் நின்றுகொண்டாள்.

இடலீனா கண்ணை மூடிப் பாடுகிறவள். கண்ணி முடிந்து அபீலியோவின் கிதார் மட்டும் ஒலித்தது. அப்போது அந்தப் பழைய குரல், கொஞ்சம் கரகரத்து, "ஆ, பாட்டுக்காரி!" என்றது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

பின்னாலிருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். இன்னும் இரண்டு பேர் "ஷ்ஷ்" என்றார்கள். அபீலியோ தலையைத் தூக்கிப் பார்த்தான். விரல் நிற்கவில்லை, அவள் தயாராகட்டும் என்று இடையிசையை இன்னொரு சுற்று வாசித்தான். இடலீனா அடுத்த கண்ணியை எடுத்தாள். குரல் மேலே போகவேண்டிய இடத்தில் போயிற்று. அதன் உச்சியில், அவள் மூச்சை நிறுத்திய அந்த வெறுமையில், ஆர்மிந்தோ வீட்டிலிருந்து கூப்பிடுகிற தொனியில் உரக்கச் சொன்னார்:

"இடலீனா, சூப்பு ஆறுது. போதும், வா!"

மொழி தெரியாதவர்களுக்கும் அது என்ன மாதிரிப் பேச்சு என்று தெரிந்துபோயிற்று. ஒருவர் சிரித்தார். மண்டபமே சிரித்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். இடலீனாவும் சிரித்தாள், சிரித்தபடியே மீதி வரியைப் பாடி முடித்தாள். எங்கள் மண்டபத்தில் அவ்வளவு கைதட்டலை நான் கேட்டதில்லை. நான்காவது பாட்டும் முடிந்து மேடையிலிருந்து இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் பாட்டுலேயே" என்றேன்.



ஆர்மிந்தோவின் காலணி அந்தப் பழைய வீட்டில் இருந்தது. எடுக்கப் போகவேண்டியிருந்தது. ஜூன் மாத வெயில் சந்துகளில் இன்னும் மிச்சமிருந்தது. ஐந்து பேரும் நடந்தோம். ஆர்மிந்தோ முன்னால்.

இடலீனா வாசற்படியில் நின்றுவிட்டாள். ஷோனா "வாங்க, வாங்க" என்று சைகை செய்தபிறகே காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரெல்லாம் வெள்ளை. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவர் இல்லை. பழைய நீல ஓடுகளை மட்டும் பளபளவென்று தேய்த்து அப்படியே விட்டிருந்தார்கள். அவள் எதையும் தொடவில்லை. கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ஆர்மிந்தோ, ஷூவைப் போடுங்க. படகு போயிடும்."

"போகட்டும். எனக்கு இன்னிக்கு வேலை இல்ல." அவர் ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்துகொண்டார். "நீ எங்க கெளம்பற? இவங்களுக்கு ஒரு காபி போட்டுக் குடு. விருந்தாளி வந்திருக்காங்க பாரு."

அவள் மறுபடி கூப்பிட்டாள். எஸ்மெரால்டா காத்திருக்கிறாள் என்றாள். மீன் வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"இது நம்ம வீடு இல்லங்க. வித்துட்டாங்க. நம்மளை வெளிய அனுப்பி மூணு வருஷம் ஆச்சு."

நூறு தடவை அவரிடம் சொன்னதுதான். ஆனால் அவருக்கு அது புதுச் செய்தி. முகம் அப்படியே தொங்கிப்போயிற்று.

"ஏன்? நான் என்ன தப்புப் பண்ணேன்? யார்கூடயாவது சண்டை போட்டேனா?"

"இல்லங்க."

"அப்புறம் ஏன் அனுப்புனாங்க?"

அவள் தரையில் முட்டிபோட்டு, வெள்ளைச் செருப்பைக் கழற்றி, ஷூவை மாட்டி, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டாள். அவர் குழந்தை மாதிரி காலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மோராக் என்னைக் கேட்டாள். அவருக்குக் களைப்பாக இருக்கிறதாம் என்றேன். ஷோனா என்னை நேராகப் பார்த்து, "இவங்க இங்க குடியிருந்தாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்குத் தெரியாது, தெரியாது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அதை இடலீனாவிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? சுவத்துலயா எழுதி வச்சிருக்கு" என்றாள். "நல்ல பொம்பளைங்க, சூப்பு குடுத்திருக்காங்கன்னு சொல்லு. ரொம்ப நன்றின்னு சொல்லு."

அன்று நானும் படகில் அக்கரை வரைக்கும் போனேன். ஆர்மிந்தோ ஜன்னலோரம் உட்கார்ந்து, படகோட்டி துறையை விட்டுத் திரும்பிய விதத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதி ஆற்றில், என்னால் அடக்கமுடியாமல், பின்னறையைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் மகன் என்று யாரும் வரவில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்" என்றாள் இடலீனா.

"எப்படி?"

"உன் வீட்டுக் கதவுல சாவிப்பெட்டி தொங்குது. அந்த வழியாத்தானே தினமும் மண்டபத்துக்கு வரேன். எனக்கு என்ன, கண்ணா அவிஞ்சுபோச்சு?"

மூன்று வருடம் தெரிந்தே என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போதாவது அறையை எடுத்துக்கொள் என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். செப்டம்பர் வரை ஆட்களுக்குச் சொல்லிவைத்துவிட்டேனே என்று மனது ஓடிற்று. படகு கரையில் முட்டியது. அவள் அவரைக் கைபிடித்து இறக்கினாள்.

மறுநாள் வால்டெமார் நேரத்திலேயே வந்து காத்திருந்தார்.

"டோனா இடலீனா, நேத்து ஜனங்க எப்படி ரசிச்சாங்க பாத்தீங்களா? வீட்ல தனியா ஏன் விட்டுட்டு வரீங்க அவரை? தினமும் கூட்டிட்டு வாங்க. முன்வரிசையில ஒரு நாற்காலி அவருக்குன்னே போட்டுடறேன். அவரு கத்தறதை நொயேமியா இங்கிலீஷ்ல சொல்லட்டும். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

அபீலியோ கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அப்படியே எனக்கும் வித்தை காட்ட ஒரு குரங்கு வாங்கிக் குடுங்க சென்யோர் வால்டெமார்" என்றான்.

"உன்னைக் கேக்கல நான்" என்றார் அவர்.

இடலீனா கொஞ்சம் யோசித்தாள். கதவைப் பூட்டாமலிருக்க அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது? "கூட்டிட்டு வரேன்" என்றாள்.

ஜூலையும் ஆகஸ்டும் அப்படிப் போயின. ஆர்மிந்தோ தலைசீவி, சட்டையில் மேல்பொத்தான் வரை போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். சில நாள் "ஆ, பாட்டுக்காரி!" வரும். சில நாள் சூப். ஒருநாள் "அந்த விளக்கை அணைங்கப்பா, டீசல் இருக்கு!" என்றார். நான் மேஜைக்குப் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் சொல்வேன், சிரிப்பார்கள். போனைத் தூக்கி அவரைப் படம் எடுத்தார்கள். 'பாடகியின் குறும்புக்காரக் கணவரைத் தவறவிடாதீர்கள்' என்று இணையத்தில் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள், அவர் வாயைத் திறக்காத நாளில், ஏமாந்து போனதுபோல் எழுந்து போனார்கள். அப்படிப்பட்ட நாட்களில் வால்டெமார் என்னிடம் வந்து, "ஜனங்க எழுந்து போறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு கிண்ணம் மது குடுத்துப் பாரேன், பேச்சு வரும்" என்றார். கொடுக்கவில்லை. அந்த ஒன்றையாவது நான் செய்யவில்லை.

இடலீனா கண்ணைத் திறந்து வைத்துப் பாட ஆரம்பித்திருந்தாள். அவர் எப்போது எழுவார், எப்போது பேசுவார் என்று பார்த்துக்கொண்டே பாடுவாள். "மாவு பிசைஞ்சுக்கிட்டே அடுப்புல பாலைப் பாக்கற மாதிரி இருக்குடி" என்று ஒருநாள் சொன்னாள்.

செப்டம்பர் பாதியில், கூட்டம் நிறைந்த ஒரு நாள். மூன்றாவது பாட்டில் கண்ணி முடிந்தது. ஆர்மிந்தோ அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் திரும்பி, என்னைப் பார்த்து, உரக்க, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"யாரும்மா இவங்க? நல்லாப் பாடறாங்க. என் பொண்டாட்டிக்கும் இந்தப் பாட்டு தெரியும்."

நாற்பது முகமும் என் பக்கம் திரும்பின, சிரிக்கத் தயாராக. அபீலியோ தந்தியிலிருந்து விரலை எடுத்துவிட்டான். மேடையிலிருந்து இடலீனா என்னைப் பார்த்தாள்.

"சொல்லு. காத்திட்டிருக்காங்கல்ல."

"இந்தம்மா நல்லாப் பாடறாங்கன்னு சொல்றார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. கைதட்டினார்கள். சிலர் 'ஆவ்' என்று உருகினார்கள். ஆர்மிந்தோவும் அவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

அவள் மூன்றாவது பாட்டை முடித்தாள். நான்காவதையும் பாடினாள், ஒரு வரி விடாமல். பிறகு சால்வையை மடித்து என் மேஜையில் வைத்தாள். ஆர்மிந்தோவிடம் போய், "வாங்க, உங்க வீட்ல தேடுவாங்க" என்று கையை நீட்டினாள். யாரோ ஒரு நல்ல பெண் உதவி செய்கிறாள் என்ற நிம்மதியோடு அவர் எழுந்துபோனார். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

வால்டெமார் மூன்று நாளில் வேறு பாடகியைக் கொண்டுவந்துவிட்டார். முப்பது வயதுப் பெண். நன்றாகத்தான் பாடுகிறாள்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாரெய்ரோ போனேன். தேவாலயத்துக்காரர்கள் நடத்தும் முதியோர் பகல் கூடத்தில் இடலீனா சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆர்மிந்தோவும் பகலெல்லாம் அங்கேயே இருந்தார். ஞாயிறு என்பதால் அன்று இருவரும் வீட்டில். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, நான் யார் என்று கேட்டார். அவளிடமும், நீங்க யாரு என்று கேட்டார். அவள், "சமையக்காரம்மா" என்றாள், உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே.

"பாடறியா?" என்றேன்.

"எங்க?"

"எங்கயாவது. இங்க சங்கம் இல்லையா?"

"இருக்கு. கூப்பிட்டாங்க." கிழங்கை இரண்டாக வெட்டித் தண்ணீரில் போட்டாள். "தொண்டை நல்லாத்தான் இருக்கு. இடைவெளி வர்ற இடத்துல எனக்குப் பயமா இருக்குடி. என்ன சத்தம் வருமோன்னு."

நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு முட்டைக்கோஸ் கீரையை நறுக்கினேன். பொடியாக நறுக்கவில்லை என்று பிடுங்கிக்கொண்டாள். அதை நறுக்கிக்கொண்டே அவளே கேட்டாள்:

"அந்தப் புதுப் பொண்ணு, மூணாவது பாட்டுல மேல போறா பாரு, அதுக்கு முன்னாடி மூச்சு எங்க எடுக்கறா?"

"கவனிக்கலை."

"தினமும் அங்கதானே நிக்கற. கவனிச்சா என்ன?"

"கவனிக்கறேன்."

"நான் 'கரை'ன்னு முடியற இடத்துல எடுப்பேன். அவ சின்னப் பொண்ணு, ஒருவேளை அது வரைக்கும் போகாமலே எடுக்கறாளோ என்னமோ." கீரையை அள்ளிப் பானையில் போட்டாள். "பாத்துட்டு வந்து சொல்லு."

சரி என்றேன். ஆர்மிந்தோ மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.